கோல்ட் விங்குக்கு டயர் வாங்குறதுக்கு முன்னாடி, வண்டி எந்தத் தலைமுறைன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

செகண்ட் ஹேண்ட்ல பெரிய டூரிங் பைக் வாங்குறவங்களுக்கு முதல் செலவு பெரும்பாலும் டயர்தான். இந்த மாதிரி வண்டிங்க கவர் போட்டு ஷெட்லயே நின்னிருக்கும், கிலோமீட்டர் கம்மியாத்தான் ஓடியிருக்கும், டயர்ல பட்டன் (ரோட்டைத் தொடுற மேடு பள்ளம்) புதுசு மாதிரி தெரியும், ஆனா ரப்பர் காய்ஞ்சு கட்டையா போயிருக்கும். சரி மாத்திடலாம்னு கடைக்குப் போய் "ஹோண்டா கோல்ட் விங்குக்கு ஒரு செட் டயர் வேணும்"னு கேட்டா அதுக்கு ஒரே பதில் கிடையாது, ஏன்னா 1975-ல இருந்து இன்னைக்கு வரைக்கும் அதே பேர்ல ஆறு தலைமுறை வண்டி வந்திருக்கு, ஒவ்வொண்ணுக்கும் டயர் வேற. அதுலயும் மூணு தலைமுறைக்கு முன் டயர் நம்பர் பார்த்தா ஒண்ணு மாதிரியே இருக்கும், உள்ள கட்டுமானம் வேற. புதுசா வர்றவங்க மாட்டிக்கிறது இந்த இடத்துலதான்.

கோல்ட் விங்கை வச்சே முழுசா சொல்றேன், மத்த டூரிங் வண்டிங்களுக்கும் முறை இதேதான், அதையும் பின்னாடி கொஞ்சம் பார்ப்போம்.

முதல்ல இன்ஜினை எண்ணுங்க

வண்டி பக்கத்துல குனிஞ்சு இன்ஜினைப் பாருங்க. கோல்ட் விங் எல்லாமே படுத்த இன்ஜின், ரெண்டு பக்கமும் சிலிண்டர் வெளிய நீட்டிட்டு இருக்கும். ஒரு பக்கத்துக்கு ரெண்டு சிலிண்டர்னா பழைய நாலு சிலிண்டர் வண்டி, அதாவது ஜிஎல்1000 (1975-79), ஜிஎல்1100 (1980-83), இல்ல ஜிஎல்1200 (1984-87). ஒரு பக்கத்துக்கு மூணுன்னா ஆறு சிலிண்டர், அது ஜிஎல்1500 (1988-2000) இல்லன்னா ஜிஎல்1800 (2001-ல இருந்து). எக்ஸாஸ்ட் பைப் எத்தனை வெளிய வருதுன்னு எண்ணினாலும் இதே கணக்கு வந்துடும்.

நாலு சிலிண்டர் வண்டில எதுன்னு பிரிக்க பின் ரிம் சைஸ் ரொம்ப உதவும். பின் ரிம் 15 இன்ச்னா அது ஜிஎல்1200. 17 இன்ச்னா ஜிஎல்1000 இல்ல 1980-81 ஜிஎல்1100. 16 இன்ச்னா 1982-83 ஜிஎல்1100. ஆமா, ஒரே தலைமுறைக்கு நடுவுலயே ஹோண்டா வீல் சைஸை மாத்திட்டாங்க, அதனால "ஜிஎல்1100"னு மட்டும் சொல்லி டயர் ஆர்டர் பண்ணாதீங்க, வருஷமும் சேர்த்துச் சொல்லணும். ஜிஎல்1000 ஃபாக்டரில இருந்து ஃபேரிங் (காத்தைத் தடுக்க முன்னாடி மாட்டுற உறை) இல்லாம வந்த வண்டி, டேங்க் மாதிரி தெரியறது டேங்க் இல்ல, பெட்ரோல் சீட்டுக்கு அடியில இருக்கும். ஆனா இத்தனை வருஷத்துல யாராவது வெளில வாங்கின ஃபேரிங், பெட்டி எல்லாம் மாட்டியிருப்பாங்க, அதனால உடம்பைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

ஆறு சிலிண்டர்ல பிரிக்கிறது சுலபம். ஜிஎல்1500 கார்புரேட்டர் வண்டி, சோக் லீவர் இருக்கும், பின் வீலை ரெண்டு பக்கமும் கை, அதாவது ஃப்ரேம்ல இருந்து வீலைத் தாங்க வர்ற ஸ்விங்ஆர்ம், பிடிச்சிருக்கும். ஜிஎல்1800 ஃப்யூயல் இன்ஜெக்ஷன், சோக் கிடையாது, அலுமினிய ஃப்ரேம், பின் வீலை ஒரே பக்கத்துல இருந்து ஒத்தக் கைதான் தாங்கும். 2018-ல வந்த புது தலைமுறையும் ஜிஎல்1800-தான், ஆனா முன்னாடி பார்த்தாலே தெரிஞ்சுடும், வழக்கமான ரெண்டு ஃபோர்க் குழாய்க்குப் பதிலா கார்ல வர்ற மாதிரி டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், விண்ட்ஷீல்டு பட்டன் அமுக்கினா ஏறி இறங்கும், சிலதுல டிசிடி கியர்பாக்ஸ் (கிளட்ச் பிடிக்காம தானா கியர் மாறுறது).

2001-10 வண்டிக்கும் 2012-17 வண்டிக்கும் பின் பெட்டி வடிவம், டிஸ்ப்ளே எல்லாம் மாறியிருக்கும். பாடி பார்ட்ஸ் வாங்குறப்போ இது முக்கியம். டயருக்கு ரெண்டும் ஒண்ணுதான், அதனால இதுல மண்டையைப் போட்டு உடைச்சுக்க வேணாம்.

அப்புறம் சேஸி நம்பர், இதுதான் கடைசித் தீர்ப்பு

கண்ணால பார்த்தது ஒரு யூகம்தான், உறுதி பண்றது சேஸி நம்பர். ஹேண்டில்பார் கீழ இருக்கிற ஸ்டீயரிங் கழுத்துல அடிச்சிருப்பாங்க, ஃப்ரேம்ல ஸ்டிக்கரும் இருக்கும். பழைய வண்டில தூசியும் கிரீஸும் ஏறி எழுத்தே தெரியாது, துணில கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு நல்லா துடைச்சுட்டு, காய்ஞ்சதும் வெள்ளை சாக்பீஸை அது மேல குறுக்கால தேய்ங்க, அப்புறம் விரலால லேசா தட்டி விட்டா பள்ளத்துக்குள்ள மட்டும் வெள்ளை நிக்கும், ஒவ்வொரு எழுத்தும் பளிச்சுன்னு தெரியும். பக்கவாட்டுல டார்ச் அடிச்சு போட்டோ எடுத்து வச்சுக்குங்க, கடைல கேக்குறப்போ கைல இருக்கும்.

1981-ல இருந்து வந்த வண்டிங்கள்ல 17 எழுத்து நம்பர் இருக்கும். முதல் மூணு எழுத்து எந்த நாட்டுல செஞ்சதுன்னு சொல்லும், '1எச்எஃப்'னா அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்து மேரிஸ்வில்ல செஞ்சது, 'ஜேஎச்2'ன்னா ஜப்பான். நமக்கு வேண்டியது அடுத்த நாலு எழுத்து. எஸ்சி02-ன்னா ஜிஎல்1100, எஸ்சி14-ன்னா ஜிஎல்1200, எஸ்சி22-ன்னா ஜிஎல்1500, எஸ்சி47-ன்னா 2001-ல தொடங்கின ஜிஎல்1800, எஸ்சி68-ன்னா 2012-17, எஸ்சி79-ன்னா 2018-ல வந்த புதுசு. இது கிடைச்சுட்டா வேலை முக்கால்வாசி முடிஞ்சுது.

பத்தாவது எழுத்து மாடல் வருஷம். வட அமெரிக்காவுக்குப் போன வண்டில இதை நம்பலாம், மத்த ஊர் வண்டில இந்த இடத்துல வருஷம் இல்லாமயும் இருக்கலாம். 1980-க்கு 'ஏ'ன்னு ஆரம்பிச்சு 2000-க்கு 'ஒய்' வரைக்கும் போகும் (ஐ, ஓ, க்யூ, யூ, இசட் இதெல்லாம் விட்டுடுவாங்க), 2001-ல இருந்து 2009 வரைக்கும் 1-ல இருந்து 9, 2010-ல மறுபடியும் 'ஏ'. முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தி வர்றதால ஒரே எழுத்து ரெண்டு வருஷத்தைக் குறிக்கும். பாருங்க, 'ஜே'ன்னா 1988-ம் உண்டு 2018-ம் உண்டு, ரெண்டுமே கோல்ட் விங்குல புது தலைமுறை வந்த வருஷம். அதனால பத்தாவது எழுத்தை மட்டும் தனியா படிக்காம எஸ்சி நம்பரோட சேர்த்துப் படிங்க.

வண்டி பேப்பர்ல இருக்கிற வருஷம் பல நேரம் பதிவு பண்ணின வருஷமா இருக்கும், ஷோரூம்ல விக்காம நின்ன வண்டி அடுத்த வருஷமோ அதுக்கு அடுத்த வருஷமோதான் பதிவாகும். இன்ஜின் நம்பரும் 'எஸ்சி47ஈ' மாதிரி ஆரம்பிக்கும், ஆனா இன்ஜின் மாத்தின வண்டியும் உண்டு. சேஸி நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒத்துப் போகலன்னா டயரை விடுங்க, அந்த வண்டியை வாங்கலாமாங்கிறதையே முதல்ல நல்லா விசாரிங்க.

இப்போ டயர் சைஸ்

ஜிஎல்1000: முன் 3.50-19, பின் 4.50-17. இது இன்ச் கணக்கு. இதுக்கு இணையான மில்லிமீட்டர் சைஸை டயர் கம்பெனியோட சார்ட்ல பார்த்து எடுங்க. கம்பி ஸ்போக் வீல்னா ட்யூப் கட்டாயம் போடணும்.

ஜிஎல்1100, 1980-81: முன் 110/90-19, பின் 130/90-17. 1982-83: முன் 120/90-18, பின் 140/90-16.

ஜிஎல்1200: முன் 130/90-16, பின் 150/90-15.

ஜிஎல்1500: முன் 130/70-18, பின் 160/80-16.

ஜிஎல்1800, 2001-17: முன் 130/70ஆர்18, பின் 180/60ஆர்16.

2018-ல இருந்து: முன் 130/70ஆர்18, பின் 200/55ஆர்16.

கடைசி மூணு வரியைத் திரும்ப ஒரு தடவை பாருங்க. முன் டயர் மூணுக்கும் 130/70, 18 இன்ச். ஆனா ஜிஎல்1500-க்கு நடுவுல கோடு (-), ஜிஎல்1800-க்கு 'ஆர்'. கோடுன்னா பயஸ் டயர், உள்ள நூல் அடுக்கு குறுக்கும் நெடுக்குமா சாய்ஞ்சு போகும். 'ஆர்'னா ரேடியல், நூல் ஒரு பக்க விளிம்புல இருந்து அடுத்த பக்கத்துக்கு நேரா போகும், மேல தனியா பெல்ட் சுத்தியிருக்கும். சில டயர்ல 'பி'ன்னு இருக்கும், அது பெல்ட் வச்ச பயஸ். ரேடியலும் பயஸும் வளைவுல வேற வேற மாதிரி நெளியும், அதனால முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு கலக்கக்கூடாது, டயர் கம்பெனியே அந்த வண்டிக்கு இந்த ஜோடி ஓகேன்னு சார்ட்ல போட்டிருந்தா மட்டும் போடலாம். "சைஸ் அதேதானே சார், உள்ள போகும்"னு கடைல சொன்னா நம்பாதீங்க, உள்ள போகும்கிறது வேற, அந்த வண்டிக்குச் சரிங்கிறது வேற.

பின் டயருக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் நம்பர் அகலம் மில்லிமீட்டர்ல, ரெண்டாவது நம்பர் அந்த அகலத்துல எத்தனை சதவீதம் சைட்வால் (டயரோட பக்கச் சுவர்) உயரம்னு சொல்றது. ஜிஎல்1500-க்கு 160-ல 80 சதவீதம், 128 மில்லிமீட்டர். ஜிஎல்1800-க்கு 180-ல 60 சதவீதம், 108 மில்லிமீட்டர். மேலயும் கீழயும் சேர்த்தா மொத்த உயரத்துல 40 மில்லிமீட்டர் வித்தியாசம், ரெண்டும் 16 இன்ச் ரிம்முக்கு வர்ற டயர்தான். மாத்திப் போட்டா வண்டி உயரம், ஸ்டீயரிங் சாய்வு, ஸ்பீடோமீட்டர் எல்லாம் தப்பாகும், ரிம் அகலமும் பொருந்தாது. ரிம்லயே அகலம் அடிச்சிருப்பாங்க, பழைய ஜிஎல்1800-ல பின்னாடி 16×எம்டி5.00, முன்னாடி 18×எம்டி3.50. செகண்ட் ஹேண்ட் வண்டில யாராவது வீலை மாத்தியிருக்கலாம்கிறதால இதையும் ஒரு தடவை படிச்சுடுங்க. இப்போ போட்டிருக்கிற டயர்ல என்ன எழுதியிருக்கோ அதையே வாங்குறது ரொம்பப் பேர் பண்றது, ஆனா பழைய ஓனர் தப்பா போட்டிருந்தா நீங்களும் தப்பா போடுவீங்க. ஃப்ரேம்ல இருக்கிற டயர் ஸ்டிக்கர், ஓனர்ஸ் மேனுவல், இது ரெண்டும்தான் ஆதாரம்.

லோடு இன்டெக்ஸை மட்டும் குறைக்காதீங்க

சைஸுக்குப் பின்னாடி '74எச்' மாதிரி ஒண்ணு இருக்கும், இதைப் பல பேர் பார்க்குறதே இல்ல, எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப ஆதங்கம் உண்டு, ஏன்னா உயிர் காக்குற நம்பர் இது. 74-ங்கிறது லோடு இன்டெக்ஸ், அந்த டயர் 375 கிலோ தாங்கும். 'எச்'னா மணிக்கு 210 கிலோமீட்டர் வரைக்கும், 'வி'ன்னா 240, 'டபிள்யூ'ன்னா 270. ஜிஎல்1800-க்கு (2001-17) முன்னாடி 63எச், பின்னாடி 74எச். 63-ன்னா 272 கிலோ. ரெண்டையும் கூட்டினா 647. வண்டி மட்டுமே பெட்ரோலோட 400 கிலோவுக்கு மேல, ரெண்டு பேர் உக்காந்தா ஒரு 150, மூணு பெட்டிலயும் சாமான் வச்சா ஒரு 30, ஆக 580-ஐத் தாண்டிப் போயிடுது. மிச்சம் இருக்கிற இடைவெளி எவ்ளோ கம்மின்னு பாருங்க. அதனால ஒரே சைஸ்ல லோடு இன்டெக்ஸ் கம்மியான டயர் மலிவா கிடைச்சா தொடாதீங்க. கூட இருந்தா பரவால்ல, கம்மியா இருக்கவே கூடாது. 2018 மாடல் பின் டயருக்கு 77, அதாவது 412 கிலோ.

ஜிஎல்1800 காரங்க மத்தியில பின்னாடி கார் டயர் போடுற பழக்கம் ஒண்ணு இருக்கு, 'டார்க்சைட்'னு சொல்லுவாங்க. சீக்கிரம் தேயாது, மலிவு, அதனால போடுறாங்க. என் கருத்து தெளிவா சொல்லிடறேன், புதுசா வர்றவங்க இதுக்குப் போகாதீங்க. பைக் ரிம்ல டயர் விளிம்பு உக்கார்ற இடமும் கார் ரிம்ல உக்கார்ற இடமும் ஒரே அளவுல செஞ்சது இல்ல, அதோட கார் டயர் தட்டையா இருக்கிறதால வண்டி சாயறப்போ விளிம்புல ஏறி நிக்கும்.

எந்த டயர்

ஜிஎல்1800-க்கு பிரிட்ஜ்ஸ்டோன் ஜி709 முன்னாடி, ஜி704 பின்னாடிங்கிற ஜோடி ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு. டன்லப் எலைட், மெட்ஸலர் எம்இ888, ஏவான் கோப்ரா இதெல்லாமும் இந்த எடைக்குன்னே வந்த டயருங்க. பேரை விட முன்னும் பின்னும் ஒரே கம்பெனில, அவங்க ஜோடின்னு சொல்ற மாடலா போடுறதுதான் முக்கியம், அதை ஜோடியா வச்சுத்தான் டெஸ்ட் பண்ணியிருப்பாங்க.

சில டயர்ல நடுவுல கெட்டி ரப்பர், ஓரத்துல மெத்து ரப்பர் வச்சிருப்பாங்க, டூரிங் போறவங்களுக்கு இது நல்லது, நேர் ரோட்ல நடு சீக்கிரம் தேயாது, வளைவுல பிடிப்பும் இருக்கும். யமஹா எஃப்ஜேஆர்1300, கவாசாகி கன்கார்ஸ் 14 மாதிரி ஸ்போர்ட் டூரிங் வண்டின்னா மிஷெலின் ரோடு, பிரிட்ஜ்ஸ்டோன் பேட்டில்ஆக்ஸ் டி வரிசை டயர்கள்ல 'ஜிடி'ன்னு தனியா ஒரு வகை வரும், பார்க்க சாதா டயர் மாதிரியே இருக்கும் ஆனா உள்ள கட்டுமானம் கெட்டி, கனமான வண்டிக்குன்னே செஞ்சது. சாதாவை வாங்கிட்டு வந்துடாதீங்க.

மத்த வண்டிங்க, சுருக்கமா

எஃப்ஜேஆர்1300-ல குழப்பமே கிடையாது, தலைமுறை எதுவானாலும் முன் 120/70 இசட்ஆர்17, பின் 180/55 இசட்ஆர்17. கன்கார்ஸ்ல பேர் ஒண்ணுதான், ஆனா 1986-2006 பழைய 1000 சிசி வண்டிக்கு முன்னாடி 18, பின்னாடி 16 இன்ச், 2008-ல வந்த 1400-க்கு ரெண்டும் 17, பின்னாடி 190/50. ஹோண்டா எஸ்டி1100-க்கு பின்னாடி 160/70-17, எஸ்டி1300-க்கு பின்னாடி 170/60, முன்னாடி 120/70 ஆனா 18 இன்ச். மத்த ஸ்போர்ட் டூரிங் வண்டில எல்லாம் 120/70-னா 17 இன்ச்தான் வழக்கம், அதனால இந்த எஸ்டி1300-க்கு ஆர்டர் போடுறப்போ கடைசி நம்பரை ரெண்டு தடவை பாருங்க.

இருக்கிற டயரை இன்னும் ஓட்டலாமா

சைட்வால்ல 'டிஓடி'ன்னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2319-னா 2019-ம் வருஷத்துல 23-வது வாரம் செஞ்சது. மூணே எண்தான் இருக்குன்னா அது 2000-க்கு முன்னாடி செஞ்ச டயர், பட்டன் எப்படி இருந்தாலும் உடனே கழட்டிடுங்க. அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க, பத்து வருஷம் ஆச்சுன்னா மாத்தியே ஆகணும், டயர் கம்பெனிங்களே இதைத்தான் சொல்றாங்க. புது டயர் வாங்குறப்பவும் இந்தத் தேதியைப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

தேதி சரின்னா, பள்ளத்துக்குள்ள குறுக்கால சின்ன மேடு இருக்கும், ரப்பர் அது வரைக்கும் தேய்ஞ்சுடுச்சுன்னா டயர் முடிஞ்சுது. அதுக்கு முன்னாடியே மாத்தணும்னு சட்டம் இருக்கிற நாடுகளும் உண்டு. பின் டயர் நடுவுல தட்டையா தேய்ஞ்சிருக்கா, முன் டயர்ல ஓரத்துல அலை அலையா குழி விழுந்திருக்கா, பள்ளத்துக்கு அடியிலயும் சைட்வால்லயும் மயிரிழை வெடிப்பு இருக்கா, இதெல்லாம் கையை வச்சுத் தடவியே கண்டுபிடிக்கலாம். நகத்தால அமுக்கினா கொஞ்சம்கூட உள்ள போகாத ரப்பர் மழைல பிடிக்காது.

மாட்டுறப்போ

டயர் மாத்துறவர் முன்னாடியே நின்னு சில விஷயம் பாருங்க. சைட்வால்ல இருக்கிற அம்புக்குறி வீல் சுத்துற பக்கம் இருக்கணும். மஞ்சப் புள்ளி இருந்தா அதை வால்வு பக்கத்துல வைக்கணும், டயர்ல எடை கம்மியான இடம் அது. ரப்பர் வால்வை டயரோட சேர்த்தே புதுசா மாத்திடுங்க. டயர் பிரஷர் சென்சார் இருக்கிற வண்டின்னா முன்கூட்டியே சொல்லிடுங்க, இரும்புப் பட்டை வச்சு நெம்புறப்போ உடைஞ்சுடும். கண்டிப்பா பேலன்ஸிங் பண்ணச் சொல்லுங்க.

ஜிஎல்1500, எஸ்டி1100, எஸ்டி1300 மாதிரி ஷாஃப்ட் டிரைவ் வண்டில (செயினுக்குப் பதிலா ஒரு தண்டு சுத்தி பின் வீலை ஓட்டுறது) பின் வீல் கழட்டினா உள்ள அந்தத் தண்டோட சேர்ற ஸ்ப்ளைன் பல் தெரியும். அதைத் துடைச்சுட்டு மோலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த கிரீஸ் மாதிரி பேஸ்ட்) தடவுறதுக்கு இதை விட்டா வேற சந்தர்ப்பம் கிடையாது, காய விட்டா பல் தேய்ஞ்சு பெரிய செலவுல கொண்டு போய் விட்டுடும். கடைல தானா பண்ணுவாங்கன்னு இருக்காதீங்க, கேட்டு வாங்குங்க. ஜிஎல்1800-ல ஒத்தக் கை சஸ்பென்ஷன், கார் வீல் மாதிரி நட்டு கழட்டினா வீல் தனியா வந்துடும், ஸ்ப்ளைன் வெளிய தெரியாது.

காத்து அளவு சைட்வால்ல எழுதியிருக்கிறது இல்ல, அது அந்த டயர் தாங்குற உச்சம். வண்டி ஸ்டிக்கர்ல இருக்கிறதுதான் உங்க அளவு, ஜிஎல்1800-க்கு முன்னாடி 36 பிஎஸ்ஐ, பின்னாடி 41 பிஎஸ்ஐ. வண்டி குறைஞ்சது மூணு மணி நேரம் நின்னு டயர் ஆறின பிறகு அளக்கணும், ஓட்டி வந்த சூட்டோட அளந்தா கூடக் காட்டும், அதைப் பார்த்து காத்தை இறக்கினா ஆறினதும் கம்மியாயிடும். கம்மி காத்துல முழு லோடு போட்டு ஓட்டுறதுதான் இந்த எடை வண்டில டயர் சூடாகி வெடிக்கிறதுக்கு முக்கியக் காரணம்.

புது டயர் மேல வழுவழுன்னு இருக்கும், முதல் 150 கிலோமீட்டர் வரைக்கும் முறுக்காம, திடீர் பிரேக் பிடிக்காம, கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சு ஓட்டுங்க. மறுநாள் காலைல ஆறின டயர்ல காத்து மறுபடியும் அளங்க, ரெண்டு பிஎஸ்ஐ-க்கு மேல இறங்கியிருந்தா வால்வு, இல்லன்னா டயர் விளிம்பு ரிம்ல சரியா உக்காரல, சோப்புத் தண்ணி தடவிப் பார்த்துட்டு அன்னைக்கே கடைக்குக் கொண்டு போயிடுங்க.